மதுவ நோயும் மலைநாட்டு வாழ்வும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நால்வர் கூடிய இடத்தில் எடுத்துரைக்கப் பலரும் கூசும் பொருளாகும். கூச்சத்தினால் மறைக்கப்படும் நோய் கூச்சத்தினாலேயே வளர்கிறது. ஆதலின், இதனை வானொலி வாயிலாகப் பேசுவதில் தவறில்லை என்று துணிந்தேன். நான் வைத்தியர் அல்லேன், கலைப் பட்டதாரி, முப்பது ஆண்டுகளாக அரசினர் பாடசாலைகளில் ஆசிரியையாகவும் அதிபராகவும் பணி புரிந்து வருபவள். வைத்தியர்களிடமும் மருத்துவ மாதரிடமும் கேட்டறிந்தவற்றையும், நூல்களிற் படித்தறிந்தவற்றையும், தோட்டத்துத் தாய்மாரிடம் கண்டவற்றையும் சேர்த்தே இங்கு கூறுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பிற் கற்ற ஒரு மாணவி அடிக்கடி வராதிருந்தாள். வகுப்பாசிரியை விசாரித்தபோது, தாய்க்குச் சுகமில்லை, சமையலும் தண்ணீர் சுமப்பதும் தன் பொறுப்பு என்றாள். தாய்க்கு என்ன சுகமின்மை என்று கேட்டதற்குத் தலை குனிந்தாளேயன்றி விடை கூறவில்லை. பின்னர் அத்தாயே பாடசாலைக்கு வந்தார். மகளைப் படிப்பிலிருந்து நிறுத்திக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப் போவதாகவும், தம்மால் இனி மலைக்குச் சென்று கொழுந்து எடுக்க இயலவில்லை என்றும் சொன்னார். ஆசிரியை ஒருவர் தனியே அழைத்துச் சென்று ஆதரவாகக் கேட்டபோது, மூன்று ஆண்டுகளாகத் தாம் படும் துன்பத்தை அழுதுகொண்டே கூறினார். பொறுக்கவொண்ணாத அரிப்பு, எரிச்சல், வெள்ளைபடுதல். தீர்வதும் திரும்ப வருவதுமாக மூன்று ஆண்டுகள்! அத்தாயின் கதையை இறுதியிற் சொல்லி முடிக்கின்றேன். அதற்கு முன், அந்நோய் யாது என்பதை அறிவோம்.

அப்பத்துக்கு மாக் கரைத்துக் கள்ளுவிட்டுப் புளிக்க வைக்கும் வழக்கத்தை நேயர்கள் அறிவீர்கள். இரவிற் கரைத்து வைத்த மா காலையிற் பொங்கி நிற்கும். அதனைப் பொங்கச் செய்வது மதுவம் எனப்படும் நுண்ணுயிராகும். ஈஸ்ட் என்றும் இதனைச் சொல்வர். அது சீனியை உண்டு, வாயுவையும் மதுசாரத்தையும் வெளிவிடுகிறது. நமது தேயிலைத் தொழிற்சாலையிலும் கொழுந்தை வாட்டி, அரைத்து, ‘புளிக்க’ வைப்பதாகச் சொல்கிறோம். ஆயின் அங்கு மதுவத்துக்கு வேலை இல்லை. இலையிலுள்ள நொதியங்கள் காற்றுடன் சேர்ந்து செய்யும் மாற்றமே அது. இந்த வேறுபாட்டை நினைவிற் கொள்க; ஒரு சொல் இரண்டு பொருளைக் குறிக்கும்போது மயக்கம் உண்டாதல் இயல்பு. இன்னொரு சொல் மயக்கமும் பின்னே வரவிருக்கிறது.

அப்பத்தைப் பொங்கச் செய்யும் மதுவம் நமக்கு நண்பன். அதன் உறவினன் ஒருவன் நம் உடலிலேயே குடியிருக்கிறான். கன்டிடா அல்பிக்கன்சு என்பது அவன் பெயர். இலத்தீன் மொழியில் கன்டிடா என்றால் தூய வெண்மை. பண்டை உரோமாபுரியில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வெள்ளாடை அணிந்து வாக்குக் கேட்டமையால், ஆங்கிலத்தில் வேட்பாளருக்கு வழங்கும் பெயரும் இச்சொல்லடியாகவே பிறந்தது. நோய் கண்ட இடத்தில் வெள்ளைப் படலம் தோன்றுவதால் இம்மதுவத்துக்கு அப்பெயர் வாய்த்தது. இந்நோய் புதியதன்று. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க மருத்துவ நூல்கள் நோயாளரின் வாயில் தோன்றும் வெண்புண்ணைக் குறிப்பிட்டுள்ளன. 1839 இல் செருமனி நாட்டு வைத்தியர் இலாங்கன்பெக் என்பார் காய்ச்சலால் வருந்திய ஒருவரின் வாய்ப்புண்ணிற் பங்கசைக் கண்டார். 1923 இல் ஒல்லாந்து நாட்டுப் பெண் அறிஞர் பெர்க்கவுட் அதற்குக் கன்டிடா என்ற பெயரைச் சூட்டினார்.

இம்மதுவத்தின் உடல் மிகச் சிறிது. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறத்தாழ இருநூறு மதுவங்களை வரிசையாக அடுக்கலாம். வாயிலும் குடலிலும் தோலிலும் இது நமக்குத் தெரியாமலே வாழ்கிறது. எவ்வித நோயும் இல்லாத பெண்களிலும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரை இதனைப் பிறப்புறுப்பிற் கொண்டுள்ளனர். எனின், அது எப்போது நோயாகிறது?

ஒரு கிராமத்தில் நல்லவர் பலர் வாழும்போது ஒரு போக்கிரி அடங்கியே இருப்பான். நம் உடலிலும் அத்தகைய நல்லவர் உண்டு. தயிரைப் புளிக்க வைக்கும் இனத்தைச் சேர்ந்த பக்டீரியாக்களே அவை. பெண்ணின் உடலில் அவை இலற்றிக் அமிலத்தைச் சுரந்து, பல தீய கிருமிகளுக்கு இடங்கொடாது காக்கின்றன. அவற்றின் காவல் தளரும்போதோ, உடலின் எதிர்ப்பாற்றல் குறையும்போதோ, மதுவத்துக்கு உணவும் ஈரமும் மிகும்போதோ, அடங்கியிருந்தது தலையெடுக்கிறது. உருண்டை வடிவில் இருந்தது நூலிழைபோல் நீண்டு தோலுக்குள் ஊன்றிக்கொள்கிறது.

காவல் தளர்வதற்கான காரணங்களுள் முதலாவது, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். தடிமனுக்கும் இருமலுக்கும் கடையில் வாங்கி விழுங்கும் இக்குளிசைகள் தீய பக்டீரியாவுடன் காவற் பக்டீரியாவையும் கொல்கின்றன. மதுவம் பக்டீரியா அன்று; ஆதலின் அது சாவதில்லை, இடம் விரிந்ததென்று பெருகுகிறது. இரண்டாவது, நீரிழிவு. குருதியிலும் சிறுநீரிலும் சீனி மிகுந்தால், மதுவத்துக்கு விருந்து வைத்ததாக முடியும். மூன்றாவது, கர்ப்ப காலம். நான்காவது, ஸ்டீரோயிட் மருந்துகளும், எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் ஏனைய நோய்களும். ஐந்தாவது, எப்பொழுதும் ஈரமாய் இருக்கும் தோல்.

இந்த ஐந்தாவதே நமது மலைநாட்டுக்குச் சிறப்பாக உரியது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்தில் உள்ளது. மே மாதத்திற் தென்மேற் பருவக்காற்று வீசத் தொடங்கினால், அட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பகுதிகளில் வெயிலைக் காண்பதே அரிது. அட்டனுக்கு அண்மையிலுள்ள வட்டவளை, இந்நாட்டில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. இம்மழையிலேதான் நமது பெண்கள் விடியற்காலையிற் பெரட்டுக்குச் சென்று, இடுப்பிற் படங்கைச் சுற்றிக் கட்டி, பனியில் நனைந்த தேயிலைச் செடிகளுக்கு நடுவே பகல் முழுவதும் நிற்கின்றனர். படங்கு மேல் மழையைத் தடுக்கிறது. ஆனால் உள்ளே வியர்வையை வெளியேற விடுவதில்லை. மாலையில் வீடு திரும்பினால், பத்துக்குப் பன்னிரண்டு அடி என்ற அளவிற் கட்டப்பட்ட பழைய லயத்துக் காம்பராவில், அடுப்புப் புகையின் கீழ், நனைந்த உடைகள் காய்வதில்லை. மறுநாட் காலையில் அரைகுறையாய்க் காய்ந்ததையே உடுத்திச் செல்லவேண்டியிருக்கிறது.

இவ்வீரத்தின் விளைவை முதலிற் காண்பது கால்விரல்களின் இடுக்கில். நாம் சேற்றுப்புண் என்று சொல்வது பலவகைப் பங்கசுக்களால் உண்டாவது. அவற்றுள் மதுவமும் ஒன்று. கைவிரல் இடுக்குகளில் தோல் வெளுத்து உரிவதும், ஓயாது நீரிற் கைவைப்போருக்கு நகத்தின் அடி வீங்கி மாதக்கணக்கில் ஆறாதிருப்பதும் பெரும்பாலும் மதுவத்தின் வேலையே. உடல் பருத்தவர்க்கு மார்பின் கீழும் தொடை இடுக்கிலும் தோல் சிவந்து வெடிக்கும். கைக்குழந்தைக்கு அணையாடை பட்ட இடம் செந்நிறமாகி, சுற்றிலும் சிறு புள்ளிகள் தோன்றும். முதுகிலும் மார்பிலும் நிறம் மங்கிப் படரும் தேமலும் மதுவ இனத்தினாலேயே வருவது. ஆயின் அது கன்டிடா அன்று, தோலின் எண்ணெய்ப்பசையை உண்டு வாழும் வேறொரு மதுவம்.

இனிப் பெண்களின் நோயைச் சொல்வேன். நான்கு பெண்களில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையேனும் இந்நோய் வருகிறதென வைத்திய நூல்கள் கூறுகின்றன. ஆகவே இது ஒழுக்கக் கேட்டின் அடையாளம் அன்று. கணவனிடமிருந்து தொற்றியதாகவோ, மனைவி தவறு செய்ததாகவோ ஐயங்கொண்டு குடும்பங்களிற் சண்டை மூள்வதை நான் அறிவேன். அவ்வையம் அறியாமையின் பாற்பட்டது. மணமாகாத பெண்ணுக்கும் இது வரலாம்.

எல்லா வெள்ளைபடுதலும் நோயன்று என்பதையும் இங்கு அழுத்திச் சொல்லவேண்டும். மாதவிலக்கின் நடுநாட்களில் தெளிவாகவோ வெண்மையாகவோ சிறிதளவு திரவம் வெளிப்படுதல் இயற்கை. எலும்பு உருகி வெளியேறுகிறது என்றும், உடம்பின் சத்தெல்லாம் கரைகிறது என்றும் நம் மூதாட்டிகள் அஞ்சுவர். எலும்பு அவ்வாறு உருகுவதில்லை. மெலிவும் களைப்பும் இருப்பின் அதற்கு இரத்தச்சோகை முதலிய வேறு காரணங்களைத் தேடவேண்டும். சூட்டினால் வருகிறது என்று சொல்வதும் உண்டு. மோரும் இளநீரும் உடலுக்கு நல்லனவே. ஆனால் மதுவ நோய்க்கு அவை மருந்தாகமாட்டா.

மதுவ நோயில் திரவம் தயிர்க்கட்டிபோலத் திரைந்து வெண்மையாயிருக்கும், அரிப்பு மிகும், சிறுநீர் படும் இடம் எரியும், துர்நாற்றம் பெரும்பாலும் இராது. மீன் நாற்றமோ, மஞ்சள் அல்லது பச்சை நிறமோ இருப்பின், அது வேறு நோய், மருந்தும் வேறு. அடிவயிற்று வலி, காய்ச்சல், மாதவிலக்கல்லாத நாளிற் குருதி, விலக்கு நின்றபின் குருதி ஆகியன கண்டால் ஒரு நாளும் தாமதியாது வைத்தியரிடம் செல்லவேண்டும். மதுவ நோயென்று தாமே முடிவு செய்து மருந்திட்டவர் பலருக்கு இருந்தது வேறு நோய் என்பதை ஆராய்ச்சிகளும் காட்டியுள்ளன.

இயற்கை முறைகளால் இதனைத் தடுக்கவும் தணிக்கவும் இயலுமா என்று தாய்மார் கேட்பர். இயலும், எந்த அளவுக்கு என்று தெரிந்து செய்தால் இயலும். இயற்கை நமக்கு அளித்த முதல் மருந்து உலர்வு. மலையிலிருந்து திரும்பியவுடன் ஈர உடையைக் களைந்து, குளித்து, கால்விரல் இடுக்குகளையும் தொடை இடுக்கையும் துணியால் ஒற்றி உலர்த்துக. அழுத்தித் தேய்க்க வேண்டா. பருத்தி உள்ளாடையே ஏற்றது. நைலோன் உடையும் இறுகிய காற்சட்டையும் வியர்வையைத் தேக்கும். வேலைத்தலத்துக்கு ஒரு மாற்று உள்ளாடையைக் கொண்டு செல்ல முடியுமானால் நன்று.

துணிகளை வெயிலில் உலர்த்துவது நம் முன்னோர் கண்ட நல்வழி. மாதவிலக்குத் துணியைப் பிறர் காணாவண்ணம் மூலையிலும் பாயின் அடியிலும் ஒளித்து உலர்த்தும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உள்ளது. அது ஈரத்தையும் கிருமியையும் மறைத்து வைப்பதேயாகும். மேலே மெல்லிய துண்டொன்றைப் போர்த்தியாவது வெயிலிற் காய விடுக. மழைக்காலத்தில் அடுப்பின் அருகே உலர்த்தி, வசதியிருப்பின் சூடான அயன் பெட்டியால் தேய்த்து அணிக.

உடலைத் தூய்மை செய்வதற்குத் தண்ணீர் போதும். மணமூட்டிய சவர்க்காரம், கிருமிநாசினித் திரவம், பவுடர் ஆகியவற்றைப் பெண்ணுறுப்பில் இடுதல் தீது. உட்புறம் கழுவுதல் அறவே கூடாது. உடல் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்கிறது. கழுவக் கழுவக் காவற் பக்டீரியாவே வெளியேறும். நாள்தோறும் மூன்று வேளை கிருமிநாசினியாற் கழுவி, அதனாலேயே தோல் வெந்து அரிப்பு மிகுந்த பெண்கள் பலர். நோயைத் தீர்க்கச் செய்ததே நோயாக மாறிய கதை அது.

குழந்தையின் நாவில் மா அப்பியதுபோல் வெண்படலம் தோன்றினால், முதலில் மெல்லிய துணியாற் துடைத்துப் பார்க்க. பாலாயின் நீங்கிவிடும், மதுவமாயின் எளிதில் நீங்காது, நீக்கினால் அடியிற் சிவந்திருக்கும். வெங்காரத்தைப் பொரித்துத் தேனிற் குழைத்துத் தடவுவது பழைய கைவைத்தியம். தாய்மாரே, அதனைச் செய்யாதீர். வெங்காரம் குழந்தைக்கு நஞ்சு. தேனும் ஒரு வயது நிறையும் முன் கொடுக்கத் தகாது. துளி மருந்து ஒன்றை வைத்தியர் தருவார். சில நாளிற் குணமாகும். பால் போத்தல் பயன்படுத்துவோர் அதன் சூப்பியை நாள்தோறும் கொதிநீரிலிட வேண்டும். முதியோர் செயற்கைப் பல்லை இரவிற் கழற்றிச் சுத்தஞ் செய்து வைக்கவேண்டும். குளிர் நாட்டில் ஆஸ்துமா நோயாளர் பலர் உளர். அவர்கள் இழுக்கும் மருந்திற் ஸ்டீரோயிட் இருப்பின், ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வாராது. பல்லும் மருந்தும் காரணமல்லாத வளர்ந்தவர்க்கு வாயில் வெண்படலம் திரும்பத் திரும்ப வந்தால், நீரிழிவுக்கும், எச்.ஐ.வி. தொற்றுக்கும் பரிசோதனை செய்வதே அறிவுடைமை. இன்று இரண்டுக்கும் நல்ல சிகிச்சை உண்டு.

இனி உணவைப் பற்றி ஒரு சொல். மதுவம் சீனியை உண்ணும். ஆதலின் சீனியையும் சோற்றையும் ரொட்டியையும் முற்றாக விட்டால் அது பட்டினியால் மடியும் என்று சிலர் உபதேசிக்கின்றனர். நீரிழிவு இல்லாதவரின் குருதியிற் சீனியின் அளவை உடல் தானே சீராக வைத்துக்கொள்கிறது. அவர் ரொட்டியை விடுவதால் மதுவம் சாவதில்லை. மலையேறி வேலை செய்யும் பெண்ணே மெலிவாள். ஆயின் உள்ளங்கையிற் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, நாளுக்கு ஆறேழு தடவை சாயத் தேநீர் அருந்தும் நம் வழக்கம் வேறு காரணத்துக்காகக் குறைய வேண்டும். அது நீரிழிவுக்கு வழிகாட்டும். நீரிழிவு மதுவத்துக்கு வழிகாட்டும்.

தயிர், உள்ளி என்னும் இரண்டையும் பலர் போற்றுவர். அவுஸ்திரேலியாவின் மெல்போண் நகரில் இவ்விரண்டையும் பற்றி முறையான ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. நுண்ணுயிர்க்கொல்லி உட்கொண்ட பெண்களுக்குத் தயிர் இனத்துப் பக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2004 இல் வெளிவந்தது. மருந்துபோன்ற வெறும் பொருளைப் பெற்றவர்களைவிட அவர்களுக்கு மதுவ நோய் குறையவில்லை. 2014 இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில் உள்ளிக் குளிசை உண்ட பெண்களிடம் மதுவத்தின் அளவு குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை. ஆகவே தயிரை உண்ணுங்கள், அது நல்லுணவு. உள்ளியைக் கறியிற் சேருங்கள். அவற்றை மருந்தென நம்பிக் காலங்கடத்த வேண்டா. உள்ளிப் பல்லை உடலினுள் வைப்பது தோலைச் சுட்டுப் புண்ணாக்கும்.

தேங்காயெண்ணெய், வேப்பிலை, மஞ்சள் ஆகியவற்றுக்கு மதுவத்தை எதிர்க்கும் ஆற்றல் ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டிற் காணப்பட்டுள்ளது. கண்ணாடித் தட்டு வேறு. மனித உடல் வேறு. தட்டில் மதுவத்தைக் கொல்லும் பொருள் பல உள. உடலிற் பயன் தருவன சிலவே. வெடித்து வறண்ட வெளித்தோலிற் தூய தேங்காயெண்ணெயைப் பூசினால் எரிச்சல் தணியும், அதில் தீங்கில்லை. ஈரங் கோத்த விரல் இடுக்கிலோ எண்ணெயைத் தேக்குவது நன்றன்று. காடி எனப்படும் வினாகிரியாற் கழுவுவதால் பயனில்லை. மதுவ நோயில் பெண்ணுறுப்பின் இயல்பான புளிப்புப் பெரும்பாலும் மாறாதிருக்கிறது. அப்புளிப்பிலேயே வாழும் மதுவத்தை மேலும் புளிப்பூட்டி ஓட்ட முடியாது. வெந்த தோல்தான் மேலும் வேகும்.

முன்னே சொன்ன இரண்டாவது சொல் மயக்கம் இங்கு வருகிறது. ‘டீ ட்ரீ ஒயில்’ என்று ஓர் எண்ணெய் கடைகளில் விற்கிறார்கள். நம் தோட்டத்துத் தேயிலையிலிருந்து எடுத்தது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அது அவுஸ்திரேலியாவில் வளரும் வேறொரு மரத்தின் இலையிலிருந்து வடிப்பது. நமது தேயிலைச் செடிக்கும் அதற்கும் உறவில்லை. பங்கசை எதிர்க்கும் ஆற்றல் அதற்கு உண்டாயினும், சிலரின் தோலிற் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும், விழுங்கினால் நஞ்சு. குழந்தைகள் கைக்கெட்டும் இடத்தில் அதனை வைக்கலாகாது.

இயற்கை மருந்தையே நாடும் அன்பர்களுக்கு ஓர் உண்மை வரலாற்றைச் சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மதுவ நோய்க்குத் தக்க மருந்தொன்று இல்லை. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலச் சுகாதாரப் பகுதியிற் பணிபுரிந்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிறவுண் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் அதனைத் தேடினர். ஒருவர் நியூயோர்க் நகரில் இருந்தார். மற்றவர் அல்பனி நகரில் இருந்தார். மண் மாதிரிகளிற் காணும் நுண்ணுயிர்களை ஒருவர் ஆராய்வார்; அவை சுரக்கும் பொருளை மற்றவர் பிரித்தெடுப்பார். இருவரும் ஆய்வுப் பொருள்களைத் தபால் மூலம் பரிமாறிக்கொண்டனர். இறுதியில், வேர்ஜீனியாவில் ஒரு பண்ணையிலிருந்து எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்று, பங்கசைக் கொன்று மனிதனுக்குத் தீங்கு செய்யாத பொருளைச் சுரப்பதைக் கண்டனர். 1950 இல் அதனை உலகுக்கு அறிவித்தனர். தம் மாநிலத்தின் பெயரால் அதற்கு நிஸ்ரற்றின் என்று பெயரிட்டனர். அம்மருந்தால் வந்த ஒரு கோடி முப்பது இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட பணத்தில் ஒரு காசும் தமக்கென எடாது, முழுவதையும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே அளித்தனர். 1966 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, பூஞ்சணம் படிந்த பழைய ஓவியங்களைக் காப்பதற்கும் இம்மருந்து உதவியது. குழந்தையின் நாவில் வைத்தியர் விடும் துளி இதுவே. மண்ணிற் பிறந்த மருந்தினும் இயற்கையானது வேறு யாது?

இன்று நிஸ்ரற்றினோடு, பூசவும் உள்ளே வைக்கவும் உண்ணவும் ஏற்ற வேறு மருந்துகளும் உள்ளன. பெரும்பாலும் சில நாட் சிகிச்சையே போதும். ஆயின் இரண்டு பிழைகள் நிகழ்கின்றன. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துதல் ஒன்று. சொன்ன நாள் வரை மருந்திட வேண்டும். மற்றையது, பிறருக்குக் கொடுத்த களிம்பை வாங்கிப் பூசுதல். அரிப்பை உடனே அடக்கும் சில களிம்புகளில் ஸ்டீரோயிட் கலந்துள்ளது. அது அரிப்பை மறைத்துப் பங்கசை வளர்க்கும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேளாது இந்நோய்க்குக் குளிசை விழுங்கலாகாது. அவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்தே ஏற்றது.

ஓராண்டில் மூன்று தடவை அல்லது அதற்கு மேலும் இந்நோய் வருமாயின், அதனைத் திரும்பத் திரும்ப வரும் நோயென வைத்தியர்கள் கொள்வர். ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 13 கோடி 80 இலட்சம் பெண்கள் இவ்வாறு துன்புறுவதாக 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இவர்களுக்குச் சில நாட் சிகிச்சை போதாது. முதலில் நோய் மதுவம்தான் என்பதைச் சோதித்து உறுதி செய்யவேண்டும். நீரிழிவு உண்டா என்று குருதியைப் பார்க்க வேண்டும். பின்னர், கிழமைக்கு ஒரு தடவையாக ஆறு மாதம் வரை மருந்து கொடுப்பர். வழமையான மருந்துக்கு அடங்காத வகை மதுவத்துக்குப் போரிக் அமிலத்தை உள்ளே வைக்கும் சிகிச்சையும் உண்டு. அது விழுங்கினால் உயிர் கொல்லும், கர்ப்பிணிக்கு ஆகாது. ஆதலின் வைத்தியரின் மேற்பார்வையிலன்றி அதனைத் தொடக்கூடாது.

இனி, முன்னே குறிப்பிட்ட தாயின் கதையை முடிக்கின்றேன். அவர் உப்புநீரில் இருந்து பார்த்தார், வினாகிரியாற் கழுவினார், மருந்துக் கடையில் நோயைச் சொல்ல வெட்கப்பட்டுக் காய்ச்சலென்று சொல்லி நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசையை வாங்கி விழுங்கினார். அதனால் நோய் மேலும் பெருகிற்று. தோட்டத்து மருந்தகத்தில் ஆண் ஒருவர் இருந்தமையால் அங்கு வாய் திறக்கவில்லை. எமது ஆசிரியை அவரை மருத்துவ மாதிடம் அழைத்துச் சென்றார். மருத்துவ மாது கிளினிக்குக்கு அனுப்பினார். குருதியைச் சோதித்தபோது சீனி மிக அதிகமாக இருந்தது. தமக்கு நீரிழிவு உண்டென்பதையே அவர் அன்றுதான் அறிந்தார். மூன்றாண்டு அரிப்பு, உடல் அடித்த எச்சரிக்கை மணியாகும். கேட்பதற்கு ஒருவரும் இல்லாமற் போயினர். நீரிழிவுக்கும் மதுவத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை நடந்தது. சில மாதங்களில் அவர் மீண்டும் மலைக்குச் சென்றார். மகள் கொழும்புக்குப் போகவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு எமது பாடசாலையிலிருந்தே தோற்றினாள்.

அத்தாய்க்கு வேண்டியிருந்தது அரிய மருந்தன்று. மனந்திறந்து பேச ஒரு பெண்ணும், நடந்து செல்லத்தக்க தூரத்தில் ஒரு கிளினிக்குமே. இவை இன்று ஓரளவு நமக்கு உள்ளன. 1996 முதல் இந்நாட்டில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளில் முப்பத்தைந்து வயதான பெண்களுக்கு நீரிழிவு, குருதி அமுக்கம், மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றுக்கான சோதனைகள் நடைபெறுகின்றன. 2017 இல் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வைத்தியசாலை திறந்து வைக்கப்பட்டது. வீடு தேடி வரும் மருத்துவ மாது நம் குடும்பத்தில் ஒருவர் போன்றவர். அவரிடம் சொல்லத்தகாத நோய் ஒன்றும் இல்லை.

ஆயினும் எல்லாப் பொறுப்பையும் பெண்களின் தலையிற் சுமத்தி நாம் அமைதி அடைதல் நியாயமன்று. உலர்வாயிருங்கள் என்று சொல்வது எளிது. மழையில் நின்று நிறை பிடிக்கவேண்டிய பெண் எங்ஙனம் உலர்வாள்? மலையில் ஒதுங்க ஒரு மறைவிடமும், கைகழுவத் தண்ணீரும், ஈர உடை மாற்ற ஒரு கூரையும் அமைத்தல் தோட்ட நிருவாகத்தின் கடன். மலசலகூடம் இல்லாமையால் பகல் முழுவதும் தண்ணீர் அருந்தாது சிறுநீரை அடக்கும் பெண்களை நான் அறிவேன். பாடசாலைகளில் மாணவியருக்குக் கதவும் தண்ணீரும் உள்ள மலசலகூடம் அமைத்தல் எம் போன்ற அதிபர்களின் கடன். நீண்ட காலம் அதனை இரண்டாந்தரத் தேவையாகவே நானும் எண்ணியிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விளையாட்டு மைதானத்துக்குச் செலவிட்ட கவலையில் பாதியை அதற்குச் செலவிட்டிருப்பேனாயின், சில மாணவியர் சில நாட்களேனும் கூடுதலாக வகுப்பில் இருந்திருப்பர்.

நேயர்களே, சொன்னவற்றைச் சுருக்கிக் கூறுவேன். உடலையும் உடையையும் உலர வையுங்கள். உட்புறம் கழுவாதீர்கள். தேவையின்றி நுண்ணுயிர்க்கொல்லியை விழுங்காதீர்கள். கைவைத்தியத்தால் ஒரு கிழமையிற் தீராததை வைத்தியரிடம் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் சீனியைச் சோதியுங்கள். இவற்றுக்கெல்லாம் முதலாக, உங்கள் மகள் உங்களிடம் கூசாமற் சொல்லத்தக்க தாயாக இருங்கள். ஆண்களும் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மனைவியும் மகளும் கிளினிக்குக்குப் போகவேண்டும் என்று சொன்னால், ஏன் என்று துருவாமல், ஒரு நாட் சம்பளம் போனாலும் போகட்டும் என்று உடன் செல்லுங்கள்.